மில்பிடாஸ் கூடையும் கோயம்பேடு கூடையும்

கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா மாவட்டத்தின் வடக்கு விளிம்பில் இருக்கிறது மில்பிடாஸ். மக்கள்தொகை சுமார் 80 ஆயிரம். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆசிய வம்சாவளியினர்: சீனர், வியட்நாமியர், பிலிப்பினோக்கள், இந்தியர். இங்கு வாழும் தமிழ்க் குடும்பத்தின் வார மளிகை பெரும்பாலும் ஒரே கடையில் முடிவதில்லை. பாலும் பழமும் சேஃப்வே, காஸ்ட்கோ போன்ற பெருங்கடைகளில் கிடைக்கும். மீன், கீரை, நீளமான கத்தரிக்காய் வேண்டுமென்றால் பார்பர் லேனில் உள்ள 99 ராஞ்ச் என்ற ஆசியப் பேரங்காடிக்குப் போக வேண்டும். அரிசி, பருப்பு, மசாலா, ஊறுகாய்க்கு இந்தியக் கடை. அன்று பறித்த காய் வேண்டுமென்றால் வாரம் ஒருமுறை கூடும் உழவர் சந்தை.

சென்னையில் அதே குடும்பத்தின் உறவினர் வேறு விதமாக வாங்குகிறார். பால் பாக்கெட் விடிகாலையில் வாசலுக்கு வருகிறது. காய்கறி தெருமுனையில் கிடைக்கிறது, மளிகைக்கு அண்ணாச்சி கடை இருக்கிறது. அவசரத்துக்குப் பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தரும் செயலிகளும் இப்போது உண்டு.

இரண்டு ஊர்களில் எங்கே சாப்பாட்டுப் பொருள் தரமாகக் கிடைக்கிறது என்ற கேள்வி குடும்பங்களில் அடிக்கடி எழுவது. ஊரை வைத்து அதற்கு விடை சொல்ல முடியாது. ஒவ்வொரு பொருளாக எடுத்துக்கொண்டு மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: அது எங்கே விளைந்தது, எத்தனை நாள் வழியில் இருந்தது, அதை யார் சோதித்தார்கள்.

விளையும் இடம்

மில்பிடாஸைச் சுற்றியுள்ள சாண்டா கிளாரா பள்ளத்தாக்கு 1960கள் வரை ஆப்ரிகாட், பிளம், செர்ரித் தோட்டங்களுக்கும் பழங்களை டின்னில் அடைக்கும் ஆலைகளுக்கும் பேர்போனது. 1955இல் மில்பிடாஸில் ஃபோர்டு கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 1983இல் அது மூடப்பட்டது. அந்தக் கட்டடமே 1994இல் கிரேட் மால் என்ற வணிக வளாகமாக மாறியது. தோட்டங்கள் கணினி நிறுவனங்களுக்கும் வீடுகளுக்கும் இடம் கொடுத்துவிட்டாலும் விளைநிலம் வெகுதூரம் விலகிவிடவில்லை. தெற்கே சாலினாஸ் பள்ளத்தாக்கில் லெட்டூஸ், பிராக்கோலி, ஸ்ட்ராபெரி விளைகின்றன. கிழக்கே மத்தியப் பள்ளத்தாக்கு தக்காளி, திராட்சை, ஆரஞ்சு, பாதாம், பால் எல்லாவற்றுக்கும் களஞ்சியம். இவையெல்லாம் லாரியில் சில மணி நேரப் பயணத்தில் கடைக்கு வந்துவிடும்.

சென்னையின் காய்கறி கோயம்பேட்டிலிருந்து பிரிகிறது. ஜார்ஜ் டவுனில் இருந்த கொத்தவால் சாவடியின் நெரிசலைக் குறைக்க 1996இல் இந்த மொத்த விற்பனை வளாகம் திறக்கப்பட்டது. ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் தக்காளி, நாசிக்கிலிருந்து பெரிய வெங்காயம், நீலகிரியிலிருந்து கேரட்டும் கோஸும் இரவு லாரிகளில் வந்து இறங்குகின்றன. விடிவதற்குள் ஏலமும் பேரமும் முடிந்து, காலையில் தெருக்கடைக்குச் சரக்கு வந்துவிடும்.

விளைநிலம் அருகில் இருப்பதன் அர்த்தம் ஐரோப்பாவில் பிரிட்டனையும் ஸ்பெயினையும் ஒப்பிட்டால் தெளிவாகும். ஸ்பெயினின் தெற்கே உள்ள அல்மேரியாவின் பசுமைக்குடில்கள் குளிர்காலத்தில் வடக்கு ஐரோப்பாவுக்கே தக்காளியும் வெள்ளரியும் அனுப்புகின்றன. பார்சிலோனாவில் மட்டும் சுமார் 40 நகராட்சிச் சந்தைகள் உள்ளன. பிரிட்டன் குளிர்காலக் காய்கறிக்கு ஸ்பெயினையும் மொராக்கோவையும் நம்பியிருக்கிறது. 2023 பிப்ரவரியில் அந்த இரு நாடுகளிலும் குளிர் கடுமையாகி விளைச்சல் குறைந்தபோது, பிரிட்டனின் பெருங்கடைகள் தக்காளியையும் வெள்ளரியையும் ஆளுக்கு இரண்டு மூன்று என்று அளந்து விற்க வேண்டியதாயிற்று. விளையும் இடத்துக்கு அருகில் இருப்பவருக்குச் சுவை, தொலைவில் இருப்பவருக்குக் காத்திருப்பு. பழத்திலும் பாலிலும் மில்பிடாஸ் ஸ்பெயினின் இடத்தில் இருக்கிறது. அரிசி, பருப்பு, கறிவேப்பிலை என்று வந்தால் அது பிரிட்டனின் இடத்துக்குப் போய்விடுகிறது.

காயும் பழமும்

மில்பிடாஸ் கடையில் ஆப்பிள், திராட்சை, பீச், செர்ரி, ஆரஞ்சு ஆகியவற்றின் தரம் உயர்ந்தது. பருவத்தில் பறித்ததும் குளிரூட்டி, குளிர் குறையாமலே கடைவரை கொண்டுவருகிறார்கள். ஆனால் எல்லாமே அப்படியல்ல. தக்காளியைப் பல நேரம் பச்சையாகவே பறித்து எத்திலீன் வாயுவால் நிறம் ஏற்றுகிறார்கள். தோற்றத்தில் ஒரே அளவு, ஒரே சிவப்பு. ரசத்துக்குத் தேவையான புளிப்பு குறைவு. வாழைப்பழம் என்றால் மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து வரும் கேவண்டிஷ்தான் பெரும்பாலான கடைகளில். பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி, விருப்பாட்சி, சிறுமலை, மட்டி, நேந்திரன் என்று தமிழ்நாட்டுத் தெருக்கடையில் தொங்கும் தார்களின் வகை அங்கே கிடையாது.

பழத்தின் மேல் ஒட்டியிருக்கும் சிறு வில்லையில் ஒரு எண் இருக்கும். 4011 என்றால் சாதாரண வாழைப்பழம். முன்னால் 9 சேர்ந்து 94011 என்றால் இயற்கை முறையில் விளைந்தது. அமெரிக்காவில் இயற்கை விளைபொருள் என்று முத்திரையிட மத்திய வேளாண் துறையின் சான்று வேண்டும். அந்த விதிகள் 2002 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன.

முருங்கைக்காய், பாகற்காய், வெண்டைக்காய், பயத்தங்காய் ஆகியவற்றில் ஒரு பகுதி கலிபோர்னியாவிலேயே விளைகிறது. பிரெஸ்னோ வட்டாரத்தில் லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த மொங் இன விவசாயிகள் ஆசியக் காய்கறிகளைப் பயிரிடுகிறார்கள். பருவம் முடிந்தால் ஃப்ரீசர்தான் துணை. நறுக்கிய முருங்கைக்காய், துருவிய தேங்காய், உரித்த சின்ன வெங்காயம், பலாக்கொட்டை எல்லாம் உறைந்த பாக்கெட்டுகளாக அடுக்கப்பட்டிருக்கும். உறையவைத்த காய் சத்தில் பெரிதாகக் குறைவதில்லை. ஆனால் பதம் போய்விடும். குழம்புக்குச் சரிவரும், வதக்கலுக்கு வராது.

கறிவேப்பிலையின் கதை தனி. சென்னையில் காய் வாங்கினால் கொசுறாக வந்து விழும் கொத்து, மில்பிடாஸில் சிறு பாக்கெட்டில் விலைக்கு விற்கப்படுகிறது. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆசிய சிட்ரஸ் சிலிட் என்ற சிறு பூச்சி அதில் தங்கும். ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் பாக்டீரியா நோயை அந்தப் பூச்சி பரப்புகிறது. நோய்க்கு இன்னும் மருந்து இல்லை. 2008இல் பூச்சியும் 2012இல் நோயும் கலிபோர்னியாவில் கண்டுபிடிக்கப்பட்டன. அதனால் வெளிநாட்டுப் பயணிகள் பெட்டியில் கறிவேப்பிலை கொண்டுவரத் தடை இருக்கிறது. பூச்சி பரவிய பகுதிகளிலிருந்து செடியை வெளியே எடுத்துச் செல்லவும் கட்டுப்பாடு உண்டு.

மாம்பழத்துக்கும் அப்படியொரு வேலி இருந்தது. 18 ஆண்டுகள் மூடியிருந்த அமெரிக்கச் சந்தை 2007இல்தான் இந்திய மாம்பழத்துக்குத் திறந்தது. பழ ஈக்களும் வண்டுகளும் தப்பாமல் இருக்க, ஏற்றுமதிக்கு முன் கதிர்வீச்சு தர வேண்டும் என்பது நிபந்தனை. விமானத்தில் வருவதால் அல்போன்சாவும் கேசரும் பெட்டிக் கணக்கில், அதிக விலையில் விற்கின்றன. அன்றாடம் சாப்பிட மெக்சிகோவின் அதால்போ மாம்பழம் உண்டு. இமாம் பசந்தும் மல்கோவாவும் வேண்டுவோர் சேலத்துக்குத்தான் வர வேண்டும்.

விவசாயி நேரடியாக விற்கும் சந்தை இரண்டு இடங்களிலும் அரசு ஏற்பாட்டில் பிறந்தது. கலிபோர்னியா 1977இல் விதிகளைத் தளர்த்தி, தரம் பிரித்துப் பெட்டியில் அடைக்காமலே விவசாயிகள் நுகர்வோருக்கு விற்க வழிசெய்தது. விற்பவர் தன் நிலத்தில் விளைந்ததைத்தான் விற்கிறார் என்று மாவட்ட வேளாண் ஆணையர் சான்று தருவார். தமிழ்நாட்டில் மு. கருணாநிதி ஆட்சியில் 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அங்கேயும் அடையாள அட்டை உள்ள விவசாயிகளே விற்கலாம். வேறுபாடு விலையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழுமாக அன்றாடம் ஒரு விலையை நிர்ணயித்துப் பலகையில் எழுதுகிறார்கள். கலிபோர்னியாவில் விவசாயியே விலை வைக்கிறார். பெருங்கடையைவிடப் பெரும்பாலும் அது கூடுதலாகவே இருக்கும்.

அரிசி, பருப்பு, மசாலா

இந்தப் பிரிவில் தமிழ்நாட்டுக் கடைக்கே மேலான இடம். புது அரிசி, பழைய அரிசி, பச்சரிசி, புழுங்கல், இட்லி அரிசி என்று தேர்ந்தெடுக்கவும், ஒரு படி வாங்கிச் சமைத்துப் பார்த்துப் பிறகு மூட்டை எடுக்கவும் அங்கே முடியும். மில்பிடாஸில் சோனா மசூரியும் பொன்னியும் 10, 20 பவுண்டு பைகளில் வருகின்றன. ஒரு பவுண்டு சுமார் 454 கிராம். கப்பலிலும் கிடங்கிலுமாகப் பல வாரங்களோ மாதங்களோ கழிந்தபின் கடைக்கு வரும் பை அது. நீண்ட நாள் இருப்பதற்காகத் துவரம்பருப்பில் எண்ணெய் தடவி விற்பதும் உண்டு. சமைக்கும் முன் வெந்நீரில் கழுவ வேண்டும்.

தொலைவு விலையையும் அசைக்கும். 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. அமெரிக்காவெங்கும் இந்தியக் கடைகளில் கூட்டம் முண்டியடித்தது. சில கடைகள் ஒருவருக்கு ஒரு பை என்று வரம்பு வைத்தன. அடுத்த மாதம் புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி வந்ததும் இட்லி அரிசியும் தப்பவில்லை. 2024 செப்டம்பரில் தடை நீங்கியது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது அதே கடைகள் மீண்டும் விலைச்சீட்டை மாற்ற வேண்டிவந்தது. சென்னைக்கும் இந்தக் கவலை இல்லாமலில்லை. 2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, தமிழக அரசு சென்னையின் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது.

இறக்குமதியால் வரும் குறையைச் சில பொருட்களில் உள்ளூர் உற்பத்தி சரிக்கட்டியிருக்கிறது. சான் ஹோசேயில் 2003இல் தொடங்கிய சாஸ்தா நிறுவனத்தின் இட்லி, தோசை மாவு இன்று அமெரிக்க இந்தியக் கடைகளின் குளிர்ப்பெட்டியில் வழக்கமான சரக்கு. அரிசி கடல் கடந்து வந்தாலும் மாவு பக்கத்து ஊரில் அரைபடுகிறது.

மசாலாப் பொடியில்தான் தரம் பற்றிய கேள்வி கூர்மையாகிறது. 2024 ஏப்ரலில் எவரெஸ்ட், எம்டிஎச் நிறுவனங்களின் சில மசாலாக்களில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாகச் சொல்லி ஹாங்காங் அவற்றின் விற்பனையை நிறுத்தியது. கிருமி நீக்கப் பயன்படும் இந்த வாயுவின் எச்சம் அளவு மீறினால் புற்றுநோய் அபாயம் உள்ளது. ஆனால் அமெரிக்காவில் மசாலாப் பொருட்களில் அதன் எச்சம் பத்து லட்சத்தில் 7 பங்கு வரை அனுமதிக்கப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு 0.1 பங்குதான். ஒரே பாக்கெட் ஒரு நாட்டில் தேறும், இன்னொரு நாட்டில் தோற்கும்.

ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவரும் பொடியே சுத்தமானது என்ற நம்பிக்கை பரவலானது. நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை 2019இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. உள்ளூர்க் கடைகளில் வாங்கிய மசாலாவைவிட, வெளிநாட்டில் வாங்கிக் கொண்டுவந்தவற்றில் ஈயத்தின் அளவு பொதுவாக அதிகமாக இருந்தது. மஞ்சளுக்கு நிறம் கூட்ட ஈயக் குரோமேட் கலப்பதே சில நாடுகளில் இதற்குக் காரணம். விரலி மஞ்சளும் முழு மிளகாயும் வாங்கி வீட்டில் அரைப்பது எந்த ஊரிலும் பாதுகாப்பானது.

பாலும் முட்டையும்

1993 முதல் அமெரிக்காவில் பால் உற்பத்தியில் முதலிடம் கலிபோர்னியாவுக்கு. 3.8 லிட்டர் பிடிக்கும் காலன் புட்டியில் வரும் பால் பதப்படுத்தப்பட்டு, கொழுப்பு பிரியாமல் கலக்கப்பட்டு, பெரும்பாலும் வைட்டமின் டி சேர்க்கப்பட்டிருக்கும். திறக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்தால் பத்து நாளுக்கு மேலும் கெடாமல் இருக்கும். காய்ச்சினால் தடித்த ஏடு படிவதில்லை என்பது நெய் எடுக்கும் வீடுகளின் குறை. சென்னையில் ஆவின் பாக்கெட்டின் நிறமே கொழுப்பின் அளவைச் சொல்லிவிடும்: நீலத்தில் 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. அன்றைய பால் அன்றே செலவாவதால் புதுமை உண்டு. குளிர் விட்டுப்போனால் திரியும் அபாயமும் உண்டு.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. நீர் தவிர வேறு கலப்படம் இருந்தவை 12 மட்டுமே. பரவலாகக் கிடைத்த பிரச்சினை வேறு: பூஞ்சை பிடித்த தீவனத்தால் பாலில் சேரும் அஃப்ளடாக்சின் நச்சு. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88இல் அது வரம்பைத் தாண்டியிருந்தது. கலப்படத்துக்கு அஞ்சும் நுகர்வோர் கேட்க வேண்டிய கேள்வி மாட்டுத் தீவனத்தைப் பற்றியது என்பதை அந்த முடிவு காட்டியது.

அமெரிக்காவில் முட்டையைக் கழுவியே விற்கிறார்கள். கழுவும்போது ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சு போய்விடுவதால் குளிர்ப்பெட்டியில் வைப்பது கட்டாயமாகிறது. நாமக்கல் முட்டை கழுவப்படாமல் அட்டைத் தட்டில் கடைக்கு வெளியே அடுக்கியிருப்பது அதனால்தான் சாத்தியம். கலிபோர்னியாவில் 2022 முதல் கூண்டில் அடைக்காத கோழியின் முட்டையே விற்கலாம். பறவைக் காய்ச்சலில் கோழிகள் கொல்லப்பட்டதால் 2025 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை 6.23 டாலரைத் தொட்டது.

பாக்கெட்டில் எழுதியிருப்பது

இந்தியப் பாக்கெட்டில் அதிகபட்சச் சில்லறை விலை அச்சிட்டிருக்கும். அதற்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் அப்படி ஒன்று இல்லை. அதே பிராண்டு நல்லெண்ணெய் இரண்டு கடைகளில் இரண்டு விலைக்கு இருக்கலாம். சைவத்துக்குப் பச்சைப் புள்ளி போடும் வழக்கமும் அங்கே இல்லை. பீன்ஸ் டின்னில் பன்றிக் கொழுப்பு, தயிரில் ஜெலட்டின், சீஸில் கன்றின் வயிற்று நொதி இருக்கிறதா என்று சைவர்கள் பட்டியலைப் படித்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

மறுபக்கம், ஒவ்வாமை தரும் பொருட்களைக் குறிப்பிடுவதில் அமெரிக்கச் சட்டம் கண்டிப்பானது. பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பது பலருக்கு அங்கேதான் தெரியவருகிறது. 2023 ஜனவரி 1 முதல் எள்ளும் அந்தப் பட்டியலில் ஒன்பதாவதாகச் சேர்ந்தது. காலாவதித் தேதி இந்தியாவில் கட்டாயம். அமெரிக்க மத்தியச் சட்டப்படி குழந்தைகளுக்கான பால்மாவுக்கு மட்டுமே அது கட்டாயம். மற்றவற்றில் நிறுவனங்கள் விருப்பம்போல் அச்சிட்ட தேதிகள் குழப்பம் தந்ததால், கடைக்காரருக்கான விற்பனைத் தேதியை நுகர்வோர் பார்க்கும்படி அச்சிடுவதைக் கலிபோர்னியா 2026 ஜூலை 1 முதல் தடைசெய்து சட்டம் இயற்றியது.

சேர்மானங்களில் எந்த நாடு கண்டிப்பானது என்பதற்கும் ஒரே விடை இல்லை. ரொட்டி மாவில் சேர்க்கும் பொட்டாசியம் புரோமேட்டை இந்தியா 2016இல் தடைசெய்துவிட்டது. கலிபோர்னியா 2023இல் இயற்றிய சட்டம் 2027 தொடக்கத்தில்தான் அதற்குத் தடை விதிக்கிறது.

சோதிப்பவர் யார்?

தமிழ்நாட்டில் தரத்தின் முதல் சோதனை வாங்குபவரின் கையில் நடக்கிறது. வெண்டைக்காயின் நுனியை ஒடிப்பது, தேங்காயைத் தட்டிப் பார்ப்பது, மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பது எல்லாம் அதில் அடங்கும். கண்ணுக்குத் தெரியும் குறைகளை இந்தச் சோதனை பிடித்துவிடும். கார்பைடு கல்லில் பழுத்த மாம்பழத்தையோ பூச்சிமருந்து எச்சத்தையோ கையால் பிடிக்க முடியாது. அதற்கு உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கோயம்பேட்டில் நடத்தும் சோதனைகள்தான் வழி. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அதிகாரம் இருந்தாலும், அன்றாடம் வரும் சரக்கின் அளவுக்கு ஆய்வகங்களும் ஆட்களும் போதவில்லை.

மில்பிடாஸில் சோதனை காகிதத்திலும் கணினியிலும் நடக்கிறது. எந்தத் தோட்டத்தில், எந்த நாளில் அறுவடையானது என்று பின்னோக்கித் தேடவும், கெட்ட சரக்கைத் திரும்பப் பெறவும் வழி உண்டு. 2011இல் வந்த சட்டம் நோய் வருமுன் தடுப்பதை உற்பத்தியாளரின் கடமையாக்கியது. ஆனால் பெரிய அமைப்பில் தவறு நேர்ந்தால் அதுவும் பெரிதாகிறது. 2006இல் பக்கத்து சான் பெனிட்டோ மாவட்டத்தில் விளைந்த பசலைக்கீரையில் ஈ-கோலை கிருமி கலந்தது. பையில் அடைத்த அந்தக் கீரை நாடு முழுவதும் போய், சுமார் 200 பேர் நோயுற்றார்கள், மூவர் இறந்தார்கள். அமெரிக்காவில் ஆண்டுக்கு 4.8 கோடிப் பேர் உணவால் நோயுறுவதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிட்டுள்ளது. பச்சையாகச் சாப்பிடும் பழக்கமும் அதற்கு ஒரு காரணம். தமிழ்ச் சமையலில் கீரை கொதித்த பிறகே இலைக்கு வருகிறது.

செலவுக் கணக்கு

டாலரை ரூபாயாக மாற்றிப் பார்த்தால் மில்பிடாஸில் எல்லாமே விலை உயர்ந்ததாகத் தோன்றும். வருமானத்தில் உணவுக்குப் போகும் பங்கைப் பார்ப்பதே சரி. அமெரிக்கர்கள் 2023இல் செலவிடக்கூடிய வருமானத்தில் 11.2 சதவீதத்தை உணவுக்குக் கொடுத்தார்கள். அதில் பாதிக்கு மேல் வெளியில் சாப்பிட்டதற்கு. இந்தியாவின் 2022-23 கணக்கெடுப்பில் நகரக் குடும்பங்களின் மாதச் செலவில் உணவின் பங்கு 39 சதவீதம், கிராமத்தில் 46 சதவீதம். ஏழைகளுக்கு உதவி இரண்டு இடத்திலும் உண்டு. தமிழ்நாட்டில் அது ரேஷன் கடையின் விலையில்லா அரிசியாக வருகிறது. கலிபோர்னியாவில் கால்ஃப்ரெஷ் அட்டையில் பணமாக வருகிறது. மார்க்கெட் மேட்ச் திட்டமுள்ள உழவர் சந்தையில் அதைக் காட்டினால் காய்கறி வாங்கக் கூடுதல் தொகையும் தருவார்கள்.

ஆக, பால், முட்டை, பருவகாலப் பழம் ஆகியவற்றில் மில்பிடாஸின் பெருங்கடையை நம்பலாம். கீரையும் நாட்டுக்காயும் ஆசியக் கடையிலோ உழவர் சந்தையிலோ நன்றாக இருக்கும். அரிசியையும் பருப்பையும் சரக்கு வேகமாக மாறும் இந்தியக் கடையில், தேதி பார்த்து வாங்குவது நல்லது. சென்னையில் காயும் வாழைப்பழமும் அரிசியும் தெருவிலேயே சிறப்பாகக் கிடைக்கின்றன. பால், எண்ணெய், பொடி வகைகளுக்கு மட்டும் உரிம எண்ணும் முத்திரையும் உள்ள பாக்கெட் பாதுகாப்பு. கண்ணுக்குத் தெரியும் தரத்துக்கு அருகாமையும், தெரியாத தரத்துக்குச் சோதனைச்சாலையும் பொறுப்பு என்பதை நினைவில் வைத்தால், எந்த ஊரிலும் எந்தப் பொருளை எங்கே வாங்குவது என்று முடிவெடுக்கலாம்.